மிதவையின் தாமரை

என் தங்கச்சி வீட்டுக்காரரைத் தண்ணீரில் பார்த்தவர்கள் அவரை மனிதக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். மல்லாந்து படுத்தாரென்றால் கை அசையாது, கால் அசையாது. காதை மூடித் தண்ணீர் ஏறி இறங்கும். கண் மட்டும் கூரைக் கண்ணாடிக்கு மேலே போகிற மேகத்தோடு சேர்ந்து போய்க்கொண்டிருக்கும். நகர நீச்சல் குளத்தில் அவருக்கு உயிர்க்காவலர் வேலை. குளிக்க வந்த கூட்டமெல்லாம் போய், வாசல் கதவைச் சாத்திய பிறகு, கொஞ்ச நேரம் இப்படிக் கிடந்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். அங்கே வேலை செய்கிறவர்கள் அவருக்கு மிதவை என்று பெயர் வைத்திருந்தார்கள். தரையில் நடக்கும்போதும் அவர் மிதவைதான் என்பது என் அபிப்பிராயம். உப்பு வாங்கிவரச் சொன்னால் கடைவரைக்கும் போவார், எதிர் மரத்தில் வெயில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார், வெறுங்கையோடு திரும்பி வருவார். கேட்டால், "அது அவ்வளவு அழகா இருந்துச்சு மச்சான்" என்பார்.

இந்த 'அது'வைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு குடும்பமே இதில்தான் கவிழப் பார்த்தது.

அவருக்குப் பிடித்துப்போன எதுவும் அது. நிலா அது. குளம் அது. மாடிப்படியில் தூங்குகிற பூனை அது. என் தங்கச்சியும் அது. "கெளம்புறேன் மச்சான், வீட்டுல அது காத்துக்கிட்டிருக்கும்" என்று முதல் தடவை அவர் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. என் தங்கச்சி என்ன மேசையா, நாற்காலியா? அவளிடமே போய் வத்தி வைத்தேன். அவள் முகம் சிவந்து சிரித்தாள். "உனக்கு அதெல்லாம் புரியாது, விடுண்ணா" என்றாள். புரியவில்லைதான். விட்டுவிட்டேன்.

அவள் ஜன்னல் திரைகள் தைப்பவள். குளத்து அலுவலக ஜன்னல்களுக்கு அளவெடுக்கப் போன இடத்தில்தான் இவரைப் பார்த்தாள். பார்த்தாள் என்பதைவிட, உயர நாற்காலியில் உட்கார்ந்திருந்த இவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்ல வேண்டும். அவள் கை தவறி அளவு டேப் தண்ணீரில் விழுந்தது. நாற்காலி உச்சியிலிருந்து அப்படியே பாய்ந்து எடுத்து வந்து கொடுத்தார். அன்றைக்கு மூழ்கியது டேப், கரையேறாமல் போனது அவர்.

கல்யாணம் ஆனது. மூன்றாவது மாடியில் ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சமையலறை. கூடத்தில் ஜன்னலை ஒட்டித் தையல் மிஷின். தைத்து முடித்த திரைகளை அவள் கூடத்துக்குக் குறுக்கே கட்டிய கம்பியில் தொங்கவிடுவாள். சாயங்காலம் போனால் வீடு முழுக்க நீலமும் பச்சையுமாகத் துணிகள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். அவற்றை விலக்கிக்கொண்டு போனால் எங்கேயோ ஒரு மூலையில் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒன்றுமில்லாததற்குச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்திருக்கிறது.

நான் துணிக்கடையில் ஆண்கள் உள்ளாடைப் பிரிவில் நிற்பவன். இடுப்பளவு கேட்டால் உண்மை சொல்லும் ஆண்பிள்ளையை இன்னும் நான் பார்க்கவில்லை. எல்லோரும் குறைத்துத்தான் சொல்வார்கள். மாப்பிள்ளை ஒரு நாள் கடைக்கு வந்து, அவருடைய அளவைவிட ரொம்பப் பெரிதாகக் கேட்டார்.

"மாப்ள, இதுக்குள்ள நீங்க ரெண்டு பேரு போகலாம்" என்றேன்.

"காத்தோட்டமா இருக்கட்டும் மச்சான்" என்று சொல்லிவிட்டு, கடை விளக்கைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பெரிதாக்கிச் சொன்ன முதல் ஆம்பளை. அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, கடையில் கூட்டமில்லாத மத்தியான வேளையில் தங்கச்சி போன் செய்தாள். குரல் கம்மியிருந்தது.

"அண்ணா, உன் வீட்டு மாடி ரூம் காலியாத்தானே இருக்கு?"

"இருக்கு. ஏன்?"

"நாளைக்கு நான் அங்க வந்துடறேன். கேள்வி கேக்காத."

கேள்வி கேட்காமல் இருந்தால் நான் என்ன அண்ணன்? கேட்டேன். அழுதுகொண்டே சொன்னாள். அவருக்கு வேறு ஒருத்தி இருக்கிறாளாம். பெயர் தாமரையாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உப்பு வாங்கத் துப்பில்லாத மனுஷன் இரண்டாவது குடித்தனம் எப்படி நடத்துவார்? ஆனால் அவள் சொல்லச் சொல்லச் சிரிப்பு அடங்கியது. சில மாதமாகவே அவர் படுக்கையறையில் படுப்பதில்லை. கூடத்தில் காற்று வருகிறது என்று தலையணையைத் தூக்கிக்கொண்டு போய்த் திரைகளுக்கு நடுவில் படுத்துக்கொள்கிறார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் நகர்ந்துகொள்கிறார். தன் துணியை அவள் கையில் கொடுக்காமல் தானே துவைத்துக்கொள்கிறார். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டால் வெளியே வர யுகமாகிறது. இதெல்லாம் போதாதென்று, முந்தின நாள் அவர் போனில் பேசியதை அவள் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டாள்.

"என்ன பேசினார்?"

"தாமரை போயிருச்சுன்னுதான் நெனச்சேன், மறுபடியும் வந்துருச்சுன்னாரு. அது என்னைத் தூங்க விடமாட்டேங்குதுன்னாரு. எத்தனை நாளைக்குத்தான் மறைக்கிறது, வீட்டுல தெரிஞ்சா நான் தொலைஞ்சேன்னாரு. போதுமா?"

நான் ஒரு சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டேன். "ஏம்மா, வந்துருச்சு, போயிருச்சுன்னுதானே சொன்னார்? பொம்பளைன்னா வந்துட்டா, போயிட்டான்னு இல்ல சொல்லணும்?"

அவ்வளவுதான். அவள் உடைந்துபோனாள்.

"அதுதாண்ணா என்னால தாங்க முடியல. அவருக்குப் பிடிச்சாத்தான் 'அது'. என்னை அது இதுன்னு சொல்லி எவ்வளவு நாளாச்சு தெரியுமா? எனக்கு வச்சிருந்த சொல்லை எடுத்து அவளுக்குக் குடுத்துட்டாரு."

இலக்கணப்படி அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. கடை முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுக் குளத்துக்குப் போனேன்.

எவ்வளவு கோபத்தோடு போனாலும் அந்த இடத்துக்குள் நுழைந்தால் கோபம் ஊறி மெத்தென்று ஆகிவிடுகிறது. வெதுவெதுப்பான ஈரக் காற்று. மருந்து வாசனை. தண்ணீரின் வெளிச்சம் கூரையில் போய் வலைவலையாக ஆடிக்கொண்டிருந்தது. பேச்சுச் சத்தமெல்லாம் தூரத்திலிருந்து வருவதுபோல் கேட்டது. சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்து, உயர நாற்காலியில் இருந்த மாப்பிள்ளையை நோட்டம் விட்டேன். எந்தப் பெண் பக்கமும் அவர் பார்வை போகவில்லை. நாற்காலியில் நெளிந்தார். ஒரு காலை இன்னொரு கால் மேல் போட்டார், எடுத்தார். பல்லைக் கடித்தார். அப்புறம் யாரும் கூப்பிடாமலேயே இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தில் வந்த சாந்தி இருக்கிறதே, கோயில் சிலைக்குக்கூட வராது.

பக்கத்தில் இருந்த ஓர் அம்மா என்னிடம், "இவர் ஒருத்தர்தாங்க பொறுப்பானவர். பிள்ளைங்களுக்காகத் தண்ணியிலயே நிப்பாரு" என்றாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர் தன் முறை முடிந்து ஊழியர் அறைக்குப் போனதும் பின்னாலேயே போனேன். சின்ன அறை. சுவரில் ஒரே ஒரு கொக்கி, அதில் ஒரே ஒரு பெரிய டவல். என்னைப் பார்த்ததும், "வாங்க மச்சான்" என்று முகம் மலர்ந்தார். நான் கதவைச் சாத்தினேன்.

"மாப்ள, நேரா கேக்குறேன். யாரு தாமரை?"

அவர் முகம் செத்துப்போனது. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சா?"

"தெரிஞ்சுபோச்சு."

"எப்படி மச்சான்? உங்களுக்கும் வந்திருக்கா?"

எனக்குத் தலை கிறுகிறுத்தது. "எனக்கா?"

"வெக்கப்படாதீங்க. இங்க எல்லாருக்கும் வந்துட்டுப் போயிருக்கு. விசிலுக்குத்தான் முதல்ல. அவன்கிட்ட இருந்துதான் எனக்கு வந்துச்சு."

விசில் என்பது கூட வேலை பார்க்கும் இன்னொரு காவலர். நான் கையை ஓங்கிவிட்டேன். என் வாழ்நாளில் யாரையும் அடித்ததில்லை, அன்றைக்கு அடித்திருப்பேன். ஓங்கிய கையைப் பார்த்து அவர் பயப்படவில்லை. அழுதுவிடுவார்போல் இருந்தார். "நீங்களே பாருங்க மச்சான்" என்று, டிரவுசர் ஓரத்தைத் தொடை இடுக்குவரைக்கும் சுருட்டி ஏற்றினார்.

உள் தொடையில், இடுக்கை ஒட்டி, உள்ளங்கையைவிடப் பெரிதாக ஒரு வட்டம். ஓரம் சிவந்து தடித்துச் செதில் செதிலாக இருந்தது. நடுவில் தோல் கொஞ்சம் தெளிந்திருந்தது. அதற்குள் இன்னொரு வட்டம். ஏதோ தண்ணீருக்கு மேல் விரிந்த இலை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படர்ந்துகொண்டே போயிருந்தது. படர்தாமரை. பெண்கள் வந்துபோகிற இடத்தில் அதை வெளிப்படையாகப் பேச முடியாதென்று, இந்த மகானுபாவர்கள் படரை வெட்டிவிட்டுத் தாமரையை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம்ம குளத்துல தாமரை பூத்துருச்சு என்று அவர்களுக்குள் ஒரு கேலி வேறு.

ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டேன். பிறகு தங்கச்சி சொன்னதைச் சொன்னேன். நாளைக்கு அவள் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள் என்பதையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். தண்ணீருக்குள் இருப்பவனிடம் கரையிலிருந்து பேசினால் கேட்பதுபோல, கொஞ்சம் தாமதமாகத்தான் அவருக்குள் போய்ச் சேர்ந்தது.

"அது போயிடுமா மச்சான்?" என்றார்.

இந்தத் தடவை எது என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் வாய் திறந்தார். முதலில் கால் விரல் இடுக்கில் தோல் உரிந்ததாம். ஈரத்திலேயே நிற்கிறவன் காலுக்கு அது சகஜம் என்று விட்டுவிட்டார். அப்புறம் ஒரு மத்தியானம், உயர நாற்காலியில், தொடையிடுக்கில் சின்னதாக ஒரு குறுகுறுப்பு. அரிக்கிறது. ஆனால் சுற்றிலும் ஜனம், இவர் எல்லோர் தலைக்கும் மேலே. எங்கே கையைக் கொண்டுபோவது? பொறுத்தார். பொறுக்கப் பொறுக்க அது வளர்ந்தது. குளத்துச் சத்தமெல்லாம் மங்கி, உலகத்தில் அந்த ஓர் இடம் மட்டும் மிச்சம் இருப்பதுபோல் ஆகிவிடுமாம். குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் சொர்க்கம். ஏறி, ஈர டிரவுசரோடு திரும்ப உட்கார்ந்தால் இரண்டு மடங்கு நரகம்.

கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிப் பார்த்திருக்கிறார். சோப்பைப் போட்டுப் பிறாண்டியிருக்கிறார். புண்ணுக்குப் போடும் கிருமிநாசினியைத் தண்ணீர் கலக்காமல் தடவிக்கொண்டு, சத்தம் வெளியே வரக் கூடாதென்று டவலைக் கடித்துக்கொண்டு குதித்திருக்கிறார். கடைசியில் விசில் ஒரு டியூப் கொடுத்தானாம். தடவிய அன்றே அரிப்பு அடங்கிற்று. தூங்கினார். திரைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டு, தான் குளத்தின் அடியில் கிடப்பதாகவும், மேலே நீலப் பச்சை வெளிச்சத்தில் யாரோ அளவு டேப்பைத் தண்ணீருக்குள் இறக்கித் தன்னைத் தேடுவதாகவும் கனவு கண்டாராம். கையை நீட்டினால் டேப் எட்டவில்லையாம். டியூப்பை நிறுத்தியதும் அரிப்பு திரும்பி வந்தது, முன்னைவிட அகலமாக.

"டாக்டர்கிட்ட போகலாம், எந்திரிங்க" என்றேன்.

"எப்படிச் சொல்றது மச்சான்? அந்த இடத்துக்கு நல்லதா ஒரு வார்த்தைகூட இல்லையே நமக்கு."

இருக்கிற வார்த்தையைத் தின்றுவிட்டுத்தான் இப்படி ஆயிற்று என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே, கையைப் பிடித்து இழுத்துப்போனேன்.

அடுத்த தெருவில் தோல் டாக்டர். உள்ளே போனால் பெண் டாக்டர். மாப்பிள்ளை அப்படியே திரும்பினார். நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன்.

"என்ன பிரச்சினை?" என்றார் டாக்டர்.

"கால்ல டாக்டர்."

"கால்ல எங்க?"

"கொஞ்சம் மேல."

"முழங்கால்லயா?"

"இன்னும் கொஞ்சம்..."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "தொடை இடுக்குலயா? அதைச் சொல்ல இவ்வளவு தூரம் நடக்கணுமா? படுங்க" என்றார்.

திரையை இழுத்துவிட்டார்கள். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து குரல்களை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளிறிய பச்சைத் திரை. தையலைப் பார்த்தால் தங்கச்சி கைவேலை மாதிரிகூட இருந்தது. டாக்டர் செதிலைக் கொஞ்சம் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்து, நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, அவரையும் பார்க்கச் சொன்னார்.

"பாருங்க, நூல் நூலா தெரியுதா? பூஞ்சைக் காளான். இதான் உங்க தோல்ல வளருது."

மாப்பிள்ளையின் குரல், "பாசி மாதிரி இருக்கு டாக்டர். அழகா இருக்கு."

"இருக்கும், இருக்கும். குளிச்சா எப்படித் துவட்டுவீங்க? இந்தத் துண்டை வச்சுச் செஞ்சு காட்டுங்க."

"முதல்ல கால் டாக்டர். கால் ஈரமா இருந்தா டைல்ஸ்ல வழுக்கும். வேலைக்குச் சேர்ந்தப்பவே எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க. விரல் இடுக்கெல்லாம் நல்லா துடைச்சுட்டு, அப்புறம் முழங்கால், தொடை, அப்படியே மேல..."

டாக்டர் சிரித்துவிட்டார். "கால் விரல்ல இருந்ததை நீங்களே டவல்ல ஏத்தி மேல கொண்டுபோய் இறக்கிவிட்டிருக்கீங்க. தினமும். அந்த டவலையும் எல்லாரும் பங்கு போட்டுக்கிட்டீங்களா?"

"ஒரே கொக்கிதான் டாக்டர்."

டாக்டர் சொன்னதையெல்லாம் திரைக்கு இந்தப் பக்கம் நானும் மனப்பாடம் செய்துகொண்டேன், மிதவையை நம்ப முடியாதே. விசில் கொடுத்த டியூப்பில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அது அரிப்பை மட்டும் தூங்கவைக்கும், காளானைத் தீனி போட்டு வளர்க்கும், தோலையும் மெலியவைக்கும். தூக்கிப் போட வேண்டும். காளானுக்கான களிம்பைச் சிவந்த ஓரத்தைத் தாண்டிச் சுற்றிலும் தடவ வேண்டும், கால் விரலிலும் கூடவே தடவ வேண்டும். காலை விட்டுவிட்டால் திரும்ப வந்துவிடும். அரிப்பு சீக்கிரமே நின்றுவிடும், நின்றதே என்று மருந்தை நிறுத்தக் கூடாது. ஈர டிரவுசரோடு உட்காரக் கூடாது. குளித்தால் இதமான தண்ணீர், மென்மையான சோப்பு, தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். காலுக்குத் தனி டவல். உள்ளாடை பருத்தியில், இறுக்கமில்லாமல். காலில் ஆறும்வரை, சாக்ஸைப் போட்டுக்கொண்ட பிறகுதான் உள்ளாடையைப் போட வேண்டும், இல்லையென்றால் கால் வழியே இழுக்கும்போது துணியில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். இத்தனை வருஷம் உள்ளாடை விற்கிறேன், இதை யோசித்ததே இல்லை.

"சர்க்கரையும் ஒரு தடவை பார்த்துடலாம். அது இருந்தா இது லேசுல விடாது," என்றார் டாக்டர். "அப்புறம், அங்க வர்ற அரிப்பெல்லாம் இதுதான்னு நினைச்சு அடுத்தவங்களுக்கு மருந்து சொல்லிட்டுத் திரியாதீங்க. சோப்பு ஒத்துக்காம வரும், வியர்வையில வரும், பேன் இருந்தா வரும், சொறியா இருந்தா வரும். ஒவ்வொண்ணுக்கும் வேற வைத்தியம். உங்க நண்பர் விசிலையும் வரச் சொல்லுங்க. வீட்டுல அவங்களுக்கு ஏதாவது இருக்கா?"

"இல்ல டாக்டர். நான் பக்கத்துலயே போறதில்ல."

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

மாப்பிள்ளை திரையை விலக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் வானம் மஞ்சளாக இருந்தது. வழக்கமாக அப்படிப்பட்ட வானத்துக்கு அவர் நின்றுவிடுவார். அன்றைக்கு நிற்கவில்லை. மாடிப்படியில் பூனை கிடந்தது, அதையும் தாண்டிப் போனார்.

கதவு திறந்திருந்தது. வாசலில் பெட்டி. உள்ளே கம்பி முழுக்கத் திரைகள். வாங்கிய வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்று மிஷினில் குனிந்திருந்தாள். எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்ததும் மிஷினை நிறுத்தினாள்.

"சேர்ந்தே வந்தாச்சா? நல்லா ஜோடிச்சுக்கிட்டு வந்திருப்பீங்க. சொல்லுங்க."

நான் அவர் முதுகில் ஒரு குத்து விட்டேன்.

"தாமரைங்கறது..." என்று ஆரம்பித்தார்.

"அந்தப் பேரை இந்த வீட்டுல சொல்லாதீங்க!"

அவர் திக்கினார். இவர் இப்போது ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தால் நானே பெட்டியைத் தூக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். அவர் பார்க்கவில்லை. அவளையே பார்த்துச் சொன்னார்.

"எனக்கு அரிப்பு. தொடை இடுக்குல. படர்தாமரை. உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. அசிங்கம்னு நினைப்பியோன்னு பயமா இருந்துச்சு. ஒட்டிக்கும்னு சொன்னாங்க, அதான் தள்ளிப் படுத்தேன். துணியையும் தனியாத் துவைச்சேன். உனக்கு வந்துடக் கூடாதுன்னுதான் உன்னைத் தொடல. வேற ஒண்ணுமே இல்ல."

அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. தங்கச்சி மிஷினை விட்டு எழுந்தாள். காற்றடித்து ஒரு திரை அவளுக்கும் அவருக்கும் நடுவில் வந்து, திரும்பிப் போனது.

"ஒட்டிக்குமா?" என்றாள், ரொம்ப மெதுவாக.

"ஒட்டிக்கும்."

"எனக்கும் இருக்கு."

"எங்க?"

"இடுப்புல. உக்காந்தே தைக்கிறதால வேர்க்குருன்னு நினைச்சேன். அப்புறம் வட்டமா ஆச்சு. நீங்கதான் என் பக்கமே வர்றதில்லையே, யாருகிட்ட காட்டுறது? மறைச்சுக்கிட்டேன்."

அவர் திகைத்துப்போனார். "எப்படி? நான் உன் பக்கத்துலயே வரலையே. என் துணிகூட உன் துணி மேல படலையே."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கையில் இருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"உங்க டவல். நீங்க வேலைக்குப் போனதும் நான் குளிச்சிட்டு அதைத்தான் எடுத்துத் துவட்டிக்குவேன். குளத்து வாசனை. உங்க வாசனை அதுலதான் மிச்சம் இருந்துச்சு."

நான் சமையலறைக்குள் போய், எதற்கென்று தெரியாமல் ஒரு பாத்திரத்தை எடுத்துக் கழுவ ஆரம்பித்தேன். ஒருத்தரைக் காப்பாற்ற ஒருத்தர் விலகிப் போயிருக்கிறார், விலகிப் போனவரின் ஈரத்தை இவள் தினமும் எடுத்து உடம்பில் ஒற்றிக்கொண்டிருக்கிறாள். இரண்டு முட்டாள்கள். இப்படி முட்டாளாக இருக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லையே என்றும் இருந்தது.

திரும்பி வந்தபோது திரைகளுக்குப் பின்னால் இரண்டு நிழல்கள் மிக அருகில் இருந்தன. அவள் குரல் கேட்டது. இன்னும் அழுகை தீரவில்லை, ஆனால் அதிகாரம் வந்துவிட்டிருந்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன். அந்தக் கருமத்தை இனிமே 'அது'ன்னு சொல்லக் கூடாது."

"சரி."

"அந்தச் சொல் என்னோடது."

"சரி."

பெட்டியை நான்தான் உள்ளே தூக்கி வைத்துவிட்டு வந்தேன். அவர்கள் கவனிக்கவில்லை.

மறுநாள் அவளையும் டாக்டரிடம் அழைத்துப்போனார். களிம்பு போட்டதும் அவருக்கு அரிப்பு சீக்கிரமே அடங்கியது. அடங்கியதும் நம் மிதவை மருந்தை மறக்கப் பார்த்தார். தங்கச்சி விடுவாளா? டாக்டர் போதும் என்று சொல்லும்வரை காவலாளி மாதிரி நின்றாள். கால் டவலுக்கு நீல நூலால் ஓரம் அடித்தாள். திரைக்கு உள்பக்கம் வைக்கிற மெல்லிய பருத்தித் துணி மிச்சத்தில் அவருக்குத் தளர்வான அரைக்கால் உள்ளாடைகள் தைத்துக் கொடுத்தாள், கடையில் எனக்கு ஒரு வாடிக்கையாளர் குறைந்தார். குளத்து ஊழியர் அறைச் சுவரில் ஆளுக்கொரு கொக்கி வந்துவிட்டது. விசிலும் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, திட்டு வாங்கியதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் குளத்துக்குப் போனேன். கூட்டம் போய்விட்டிருந்தது. டிக்கெட் கொடுக்கும் அம்மா மட்டும் வாசலில் பை மாட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை தண்ணீர் நடுவில் மல்லாந்து கிடந்தார். கூரைக் கண்ணாடியின் வெளிச்சம் அவர் மேல் விழுந்து ஆடிக்கொண்டிருந்தது. ஒரு மேகம் முழுசாகக் கடந்து போகும்வரை காத்திருந்தேன். கரையேறி, ஈர டிரவுசரை உடனே மாற்றிக்கொண்டு வந்தார். முகம், மார்பு, இடுப்பு என்று மேலிருந்து கீழே ஒற்றினார். காலுக்கு வந்ததும் நீல ஓரம் போட்ட டவலை எடுத்தார்.

"தாமரை என்னாச்சு மாப்ள?" என்றேன்.

அவர் வாயைத் திறந்தார். போயிருச்சு என்று சொல்ல வந்தவர், என்னவோ நினைவுக்கு வந்து நிறுத்தினார்.

"போயிட்டாங்க மச்சான்" என்றார், மிக மரியாதையாக.

டிக்கெட் அம்மா திரும்பி எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, செருப்பை அவசரமாக மாட்டிக்கொண்டார்.

"கெளம்புறேன் மச்சான். வீட்டுல அது காத்துக்கிட்டிருக்கும்."